நாய் கடித்தால் என்ன செய்வீர்கள்?

நாளைக் காலையில் நீங்கள் எல்லோரும் ஆளுக்கொரு டேப்லெட்டோடு ஊர் ஊராகக் கிளம்பிவிடுவீர்கள். எந்த வீட்டுக்குப் போவது, யாரிடம் கேட்பது, ஆள் இல்லையென்றால் எப்போது திரும்பிப் போவது என்பதையெல்லாம் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதில் நான் சேர்ப்பதற்கு ஒன்றுமில்லை. ஓய்வு பெற்று வீட்டில் இருந்தவளைக் கூப்பிட்டு, "உங்க அனுபவத்தப் புள்ளைங்களுக்குச் சொல்லுங்க மேடம்" என்றார்கள். என்னிடம் மூட்டை மூட்டையாக இருக்கிறது. ஆனால் உங்களைப் பார்த்ததும் ஒரே ஒரு பௌர்ணமி நாள்தான் நினைவுக்கு வருகிறது. அதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் சுகாதாரத் துறையில் கிராம செவிலியாகச் சேர்ந்தவள். திருவண்ணாமலையைச் சுற்றி நான் தடுப்பூசி போடாத ஊர் கம்மி. அரசு வேலை முடிந்ததும் சும்மா இருக்கப் பிடிக்காமல், ஒரு ஆய்வில் களமேற்பார்வையாளராகச் சேர்ந்தேன். பதினெட்டு வயதிலிருந்து இருபத்தைந்துக்குள் இருக்கும் பிள்ளைகளிடம் நல எழுத்தறிவை அளப்பதுதான் வேலை. பெயர் பெரிதாக இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். உடம்பைப் பற்றிய ஒரு தகவலைத் தேடிப் பிடிக்கத் தெரிகிறதா, படித்தால் புரிகிறதா, சரியா தப்பா என்று பிரிக்கத் தெரிகிறதா, தனக்கென்று வரும்போது பயன்படுத்தத் தெரிகிறதா, இவ்வளவுதான். நீங்கள் கேட்கப் போவதும் கிட்டத்தட்ட அதேதான்.

ஆய்வை வடிவமைத்தவர் ஒரு பேராசிரியர். பேர் வேண்டாம். மெதுவாகப் பேசுவார், ஆனால் விதிகளில் கறார். அவர் எங்களுக்குச் சொன்ன முதல் விதி, கேட்கும்போது சொல்லிக்கொடுக்காதே என்பது. சரியான பதில் வந்தால் சிரிக்கக் கூடாது, தப்பான பதில் வந்தால் புருவத்தைத் தூக்கக் கூடாது. ஒரு வீட்டில் நீ பாடம் நடத்தினால் சாயங்காலத்துக்குள் அந்தப் பாடம் தெரு முழுக்கப் போய்விடும், அப்புறம் நீ அளப்பது உன் குரலைத்தான் என்பார். நியாயமான விதி. நானே பிள்ளைகளுக்கு அதை மனப்பாடமாகச் சொல்லிக் கொடுத்திருந்தேன். உங்களுக்கும் அதையேதான் சொல்லியிருப்பார்கள்.

முதல் சில வாரங்கள் எங்களுக்குப் பெருமையாக இருந்தது. பிள்ளைகள் பதில்களைப் பட்டுப் பட்டென்று சொன்னார்கள். மாத்திரை அட்டையைக் காட்டினால் காலாவதித் தேதியைக் கண்டுபிடித்தார்கள். காய்ச்சலுக்கு எப்போது டாக்டரிடம் போவது, சர்க்கரை நோய்க்கு என்ன அறிகுறி, நாய் கடித்தால் என்ன செய்வது எல்லாம் தெரிந்திருந்தது. நாய்க்கடிக் கேள்விக்கு வந்ததைப் போல ஒரே மாதிரியான பதில் வேறு எதற்கும் வரவில்லை. சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவணும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போடணும், இடையில் நிறுத்தாமல் எல்லா ஊசியும் போடணும். என் சின்ன வயதில் இதே ஊர்களில் காயத்தில் மிளகாய்ப்பொடி வைத்துக் கட்டிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்தவள் நான். ஒரு தலைமுறைக்குள் இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று நிஜமாகவே மனம் நிறைந்தது.

அந்தப் பௌர்ணமியன்று காலையில் அடி அண்ணாமலைக்குப் போனோம். என்னோடு வந்தவள் நந்தினி. இப்போது வேறு மாவட்டத்தில் ஒரு குழுவுக்கே தலைவியாக இருக்கிறாள். அப்போது கல்லூரி முடித்து வந்த புதுசு, டவுனில் பெண்கள் விடுதியில் தங்கியிருந்தாள். கேள்வி கேட்பதில் எங்கள் குழுவிலேயே சுத்தமானவள். முகத்தில் எதையும் காட்ட மாட்டாள். அவள் கேட்பதை நான் பக்கத்தில் உட்கார்ந்து கவனிக்க வேண்டும், அதுதான் அன்றைய என் வேலை.

கிரிவலப் பாதையை ஒட்டி இளநீர்க் கடை வைத்திருந்த சரவணன்தான் அன்றைக்கு முதல் ஆள். இருபத்தி நாலு வயது, பி.காம். முடித்தவன். கடைக்குப் பின்னாலேயே வீடு. மனைவி பவித்ரா அவனைவிட இரண்டு வயது சின்னவள், ஐந்து மாதக் கர்ப்பிணி. அவளிடம் நந்தினி முந்தின வாரமே கேட்டு முடித்திருந்தாள். அந்த ஊரில் பவித்ராவை விட நன்றாகப் பதில் சொன்னவர்கள் யாரும் இல்லை.

சாயங்காலம் கூட்டம் வந்துவிடும் என்பதால் சரவணன் இளநீரை இறக்கி அடுக்கிக்கொண்டே பதில் சொன்னான்.

"நாய் கடித்தால் என்ன செய்வீர்கள்?" என்றாள் நந்தினி.

"சோப்புப் போட்டு நல்லா கழுவணும். ஜிஎச்சுல போய் ஊசி போட்டுக்கணும். நடுவுல நிறுத்தக் கூடாது. இதெல்லாம் ஸ்கூல்லயே சொல்லியிருக்காங்க மேடம்."

சொல்லிக்கொண்டே ஒரு இளநீர்க் குலையைத் தூக்கினான். சட்டைக் கை மேலே ஏறியது. மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே மஞ்சள் அப்பியிருந்தது. மஞ்சளுக்கு நடுவில் சின்னச் சின்னதாக, பக்கம் பக்கமாக, கறுத்துப் போன புள்ளிகள். ஊசி போட்டே வாழ்ந்தவளுக்குத் தோலைப் பார்த்தால் தெரிந்துவிடும். அது பல்.

நந்தினி அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். நான் கையைத் தூக்கினேன். அவள் திகைத்துப் போய் என்னைப் பார்த்தாள். நடுவில் குறுக்கிடக் கூடாது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தானே.

"தம்பி, கையில என்ன அது?"

"இதுவா? ஒண்ணுமில்ல மேடம். குட்டி."

"என்ன குட்டி?"

"நாய்க்குட்டிதான். ரோட்டுல சுத்திகினு இருந்துச்சு, பவித்ரா தூக்கினு வந்து வெச்சுது. பால் ஊத்தப் போனேன், லபக்குனு புடிச்சிடுச்சு. சின்னது மேடம், இவ்ளோண்டுதான் இருக்கும்." இரண்டு கைகளாலும் அளவு காட்டினான்.

"ஊசி போட்டியா?"

அவன் சிரித்தான். எனக்கு இப்போதும் அந்தச் சிரிப்பு கண்ணில் நிற்கிறது. கெட்ட சிரிப்பு இல்லை, வெகுளியான சிரிப்பு. "அது நாய் இல்ல மேடம், குட்டி."

ஒரு நிமிடத்துக்கு முன்னால் இதே வாய் ஒரு வார்த்தை பிசகாமல் சரியான பதிலைச் சொன்னது. அந்தப் பதிலைச் சொல்லும்போது கையில் காயம் இருந்தது. அவன் பொய் சொல்லவில்லை, மறைக்கவும் இல்லை. எங்கள் கேள்விக்கும் அவன் கைக்கும் சம்பந்தம் இருப்பதாகவே அவனுக்குத் தோன்றவில்லை. 

"குட்டி எங்க?"

"முந்தாநாள் செத்துப் போச்சு."

"எப்படி?"

"தெரில. ரெண்டு நாளா சரியா இல்ல. சாப்பிடல. மூலைல போய் படுத்துகினு இருந்துச்சு. காலைல பாத்தா செத்துக் கிடந்துச்சு. வண்டி எதுனா இடிச்சிருக்கும்."

மூலையில் படுத்துச் செத்த குட்டியை எந்த வண்டி இடிக்கும்? நான் கேட்பதற்குள் உள்ளேயிருந்து பவித்ரா வந்து நின்றாள். பேச்சைக் கேட்டிருக்கிறாள் போல. அவளுடைய கை தானாகச் சேலையை இழுத்து இடது கெண்டைக்காலை மூடியது.

"உனக்கும் பட்டுச்சாம்மா?"

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் முகத்திலிருந்து சிரிப்பு போயிருந்தது. "உனக்குமா? எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"விளையாட்டுல பட்டுச்சு. லேசா ரத்தம் வந்துச்சு, தொடச்சிட்டேன்" என்றாள். அப்புறம் என்னிடம் திரும்பி, "மாசமா இருக்கறப்ப அந்த ஊசி போட்டா கொழந்தைக்கு ஆகாதுன்னு போன்ல ஒரு வீடியோல சொன்னாங்க மேடம். அதான் யார்கிட்டயும் சொல்லல" என்றாள்.

"போன வாரம் நந்தினி கேட்டப்ப எல்லாம் சரியா சொன்னியேம்மா."

"அவங்க நாய் கடிச்சான்னு கேட்டாங்க. இது கடிக்கல, விளையாடுச்சு."

நந்தினி டேப்லெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துகிறேன். நாளைக்கு உங்களுக்கும் இப்படி ஒரு இடம் வரலாம். அப்போது என் முன்னால் இரண்டு வழி இருந்தது. பேட்டியை விதிப்படி முடித்துவிட்டு, டேப்லெட்டை மூடிவிட்டு, பிறகு பேசலாம். பாக்கி இருந்த கேள்விகளுக்கு அதிக நேரம் ஆகாது. இல்லையென்றால், விதியை மீறி அந்த இடத்திலேயே நிறுத்தலாம். நான் இளம் வயதில், வேறு ஊரில், நாய்க்கடி முற்றிப் போன ஒரு வாலிபனைப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் டம்ளரைக் கண்டதும் அவன் உடம்பு தூக்கிப் போட்டதைப் பார்த்திருக்கிறேன். அந்த நோய் தலைக்கு ஏறிய பிறகு யாராலும் எதுவும் செய்ய முடியாது. ஏறுவதற்கு முன்னால் ஊசி போட்டுவிட்டால் ஆளைக் காப்பாற்றிவிடலாம். இந்த இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. "பேட்டி நின்னுடுச்சு நந்தினி, மூடி வை" என்றேன்.

வீட்டில் இருந்த துணி சோப்பைக் கொண்டுவரச் சொல்லி, குழாயடியில் இரண்டு பேருடைய காயத்தையும் நெடுநேரம் கழுவ வைத்தேன். மஞ்சள் எல்லாம் கரைந்து போனதும் சரவணனின் கையில் பல் பதிந்த வரிசை சுத்தமாகத் தெரிந்தது. அதைப் பார்த்தபோதுதான் அவனுக்கே பயம் வந்தது.

ஆனாலும் கடையைப் பார்த்தான். "மேடம், இன்னிக்குப் பௌர்ணமி. நாளைக்கு மொத வேலையா போறோம், சத்தியமா."

"மத்தியானத்துக்கு மேல ரோட்ட மூடிடுவாங்க. ஒரு ஆட்டோ உள்ள வராது. இப்பவே கிளம்பு."

"இன்னிக்கு வுட்டா அடுத்த மாசம்தான் மேடம் வியாபாரம்."

பதில் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் பவித்ரா பேசினாள். "கடை கெடக்கட்டும், எந்திரி" என்றாள். அவ்வளவுதான். அவன் இளநீர் மேல் தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டு வந்தான்.

எங்கள் ஆய்வு ஜீப்பில் அவர்களை ஏற்றிக்கொண்டு போகும்போதே பேராசிரியருக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். பேட்டியைப் பாதியில் நிறுத்தியதையும், ஊர் முழுக்க இதைப் பற்றிப் பேச்சு பரவும் என்பதையும், அடி அண்ணாமலையில் இனிமேல் வரும் பதில்கள் எதற்கும் ஆகாது என்பதையும் சொன்னேன்.

"அந்தப் பொண்ணோட மார்க்கு எவ்ளோ?" என்றார்.

"நம்ம லிஸ்ட்டுலயே அவதான் சார் முதல்."

பிறகு, "ஆய்வு கெடக்கட்டும் மேடம். அவங்க ரெண்டு பேருக்கும் ஊசி போட்டப்பறம் எனக்குக் கூப்பிடுங்க" என்றார். மனுஷர் விதிகளில் எவ்வளவு கறார் என்று தெரிந்த எனக்கு, அந்தச் சொல்லே பெரிய ஆறுதலாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா சின்ன வயசுதான். பவித்ராவின் காலைப் பார்த்துவிட்டு, அவள் கேட்பதற்கு முன்பே சொன்னார். "இந்த ஊசியால குழந்தைக்கு எதுவும் ஆகாது. மாசமா இருக்கறவங்களுக்குக் கண்டிப்பா போடணும். போடலன்னாதான் ரெண்டு பேருக்குமே ஆபத்து." பவித்ரா தலையாட்டினாள். கண்ணீர் மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. நந்தினி அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ரத்தம் வந்த காயம் என்பதால் தோளில் போடும் ஊசியோடு காயத்தைச் சுற்றியும் மருந்து போட வேண்டியிருந்தது. அது வலிக்கிற ஊசி. சரவணன் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டுக்கொண்டான். டாக்டரம்மா சீட்டு எழுதிக்கொண்டே, "சாகறதுக்கு முன்னாடி குட்டி எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

"வாயில எச்சில் ஒழுகிகினே இருந்துச்சு மேடம். கத்தக்கூட முடியல. தொண்டையில எதோ மாட்டினா மாதிரி இருந்துச்சு. இளநீர் ஓடு கிடு மாட்டியிருக்கும்னு எங்கப்பாதான் வாய்க்குள்ள கைய வுட்டுப் பாத்தாரு."

டாக்டரம்மாவின் பேனா நின்றுவிட்டது.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன், அவர் என் முகத்தைப் பார்த்தார். வெறி பிடித்த நாய்க்குத் தொண்டை இழுத்துக்கொள்ளும். பார்ப்பவர்களுக்கு எலும்பு மாட்டியதைப் போலத்தான் தெரியும். இரக்கப்பட்டுக் கையை விடுவார்கள்.

"உங்க அப்பா எங்க?" என்றார் அவர்.

"கீழ்பென்னாத்தூர்ல. தங்கச்சிய அங்க குடுத்திருக்கு. அவங்க நிலத்துல வேர்க்கடலை புடுங்கறாங்க, நேத்துதான் போனாரு."

"அவருக்கும் பட்டுச்சுன்னு ஏம்பா சொல்லல?" நானும் அறியாமல் கத்திவிட்டேன்.

"அவர கடிக்கலியே மேடம்! அவரேதான கைய வுட்டாரு." சொல்லி முடிக்கும்போதே அவனுக்கு உறைத்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டான்.

அப்பாவுக்குப் போன் போட்டான். மணி அடித்து அடித்து நின்றது. தங்கைக்குப் போட்டதும் அவள் எடுத்து, அப்பா கடலைக் கொல்லையில் இருப்பதாகச் சொன்னாள். பவித்ராவை நந்தினியிடம் விட்டுவிட்டு, நானும் சரவணனும் ஜீப்பில் கிளம்பினோம். டவுனைத் தாண்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. எதிரில் பஸ் பஸ்ஸாக ஜனங்கள் கிரிவலத்துக்கு வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். வழியில் சரவணன் ஒரே ஒரு தடவை, "அந்தக் குட்டிக்கு நெறைய பேரு பிஸ்கட் போடுவாங்க மேடம்" என்றான். எனக்கும் அந்த நினைப்பு வந்திருந்தது. அதை அப்போது தொட எனக்குத் தைரியம் இல்லை.

அவன் அப்பா கொல்லையில் குனிந்து கடலைச் செடியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டிய, நல்ல திடமான மனிதர். வலது கையில் இரண்டு விரல்களில் துணி சுற்றியிருந்தது. அந்தக் கையாலேயே ஈர மண்ணிலிருந்து செடியை இழுத்து உதறிக்கொண்டிருந்தார்.

நான் வழியெல்லாம் அவரிடம் எப்படிச் சொல்வது என்று தயார் செய்துகொண்டு போயிருந்தேன். வணக்கம் சொல்லி, நான் யார் என்று சொல்லி, விஷயத்தை ஆரம்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அது என்ன கடிக்கவே இல்லியேம்மா" என்றார். "பாவம், வாயில்லா ஜீவன், மூச்சு முட்டிகினு கெடந்துச்சு. நான்தான் கைய வுட்டேன். பல்லு சும்மா கீறிச்சு. கடல வேல நாலு நாளுல முடிஞ்சிடும், முடிச்சிகினு வந்து போட்டுக்கறேன்."

நான் மறுபடியும் எடுத்துச் சொன்னேன். எச்சில் போதும் என்றேன், கீறல் போதும் என்றேன். அவர் மரியாதையாகத் தலையாட்டினாரே தவிர, கால் நகரவில்லை. படித்த பொம்பளை ஏதோ சொல்கிறது, கேட்டுக்கொள்வோம் என்கிற தலையாட்டல் அது. என் பேச்சு அவருக்குள் இறங்கவில்லை என்று எனக்கே தெரிந்தது.

அப்போதுதான் அவர் மகனைச் சரியாகப் பார்த்தார். அவன் இரண்டு தோளிலும் பஞ்சு ஒட்டியிருந்தது. மணிக்கட்டில் கட்டு.

"உனக்கு இன்னாடா?"

"எனக்கும் பட்டுதுப்பா. பவிக்கும். ரெண்டு பேருக்கும் போட்டாச்சு. கொழந்தைக்கு ஒண்ணும் ஆவாதுன்னு டாக்டரு சொன்னாங்க." அவன் குரல் உடைந்தது. "நீயும் வாப்பா. நீ இல்லாம நான் திரும்பிப் போவ மாட்டேன்."

அவர் மகனையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பம்ப்செட்டுக்குப் போனார். நான் நீட்டிய சோப்பை வாங்கிக்கொண்டு, விரல் துணியை அவிழ்த்துப் போட்டுவிட்டு, கொட்டுகிற தண்ணீரில் கழுவினார். நான் போதும் என்கிற வரைக்கும் கழுவினார். தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வந்து ஜீப்பில் ஏறினார்.

பிள்ளைகளே, இதையும் கவனியுங்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவரிடம் சொன்னேன், வரவில்லை. மகன் அழைத்தான், வந்தார். தகவல் என்ன என்பதை விட அது யாரிடமிருந்து வருகிறது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நம்முடைய கேள்விகள் எதுவும் அளக்கவில்லை.

அன்றைக்கு அவருக்கும் ஊசி போட்ட பிறகு, கிரிவலப் பாதையில் இருந்த போலீஸ் கண்ட்ரோல் ரூமுக்குப் போய் மைக்கில் அறிவிக்கச் சொன்னேன். அங்கிருந்த அதிகாரி தயங்கினார். "இவ்ளோ ஜனத்துக்கு நடுவுல வெறிநாய்னு சொன்னா கலவரமாயிடும் மேடம்" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். உட்கார்ந்து வார்த்தை வார்த்தையாக யோசித்து எழுதினோம். வெறி என்ற சொல்லே வராமல், அடி அண்ணாமலை இளநீர்க் கடையில் இருந்த பழுப்பு நிற நாய்க்குட்டியின் பல்லோ நகமோ எச்சிலோ பட்டவர்கள் உடனே அருகிலிருக்கும் அரசு ஆஸ்பத்திரிக்குப் போகவும் என்று படித்தார்கள். திரும்பத் திரும்பப் படித்தார்கள். பக்கத்துக் கடைக்காரர்கள் சிலர் வந்து ஊசி போட்டுக்கொண்டார்கள். ஆனால் அந்தக் குட்டிக்குப் பிஸ்கட் போட்டவர்கள் அந்த வாரம் முழுக்க நடந்துபோனவர்கள். எந்த ஊரோ, யாரோ. அவர்களில் எத்தனை பேருடைய விரலை அது கவ்வியது, அவர்கள் ஊசி போட்டுக்கொண்டார்களா என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது. மலையைச் சுற்றும் கூட்டத்தைப் பார்த்தால் அந்த நினைப்பு வராமல் இருப்பதில்லை.

மறுநாள் கால்நடைத் துறை ஆட்கள் வந்து, புதைத்திருந்த குட்டியைத் தோண்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். சில நாளில் முடிவு வந்தது. வெறிநோய்தான். அந்தச் செய்தியை நான்தான் சரவணனுக்குப் போனில் சொன்னேன். அந்தப் பக்கம் இளநீர் வெட்டுகிற சத்தம் நின்று போனது கேட்டது.

மூன்று பேரும் எல்லா ஊசிகளையும் போட்டு முடித்தார்கள். மூன்று பேரும் நன்றாக இருக்கிறார்கள். பவித்ராவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஆய்வுக்கு வருகிறேன். பரிசோதனை முடிவு வந்ததற்கு அடுத்த நாள் பேராசிரியர் எங்கள் எல்லோரையும் டவுன் ஆபீசுக்கு வரச் சொன்னார். பவித்ராவின் மதிப்பெண்ணை என்ன செய்வது என்று நான் கேட்டேன். எடுத்துவிடலாமா, குறைத்துவிடலாமா?

"ஒண்ணும் செய்ய வேணாம்" என்றார். "அந்தப் பொண்ணு நாம கேட்டதுக்குச் சரியான பதில்தான் சொல்லிச்சு. நாம கேட்டது பரீட்சைக் கேள்வி. அது பரீட்சை எழுதிச்சு." பிறகு வெள்ளைப் பலகையில் பழைய கேள்வியை எழுதி ஒரு கோடு போட்டு அடித்தார். நாய், கடி என்ற இரண்டு சொற்களும் சேர்ந்து ஒரு வீட்டையே ஏமாற்றியிருக்கின்றன என்றார். குட்டி என்றால் நாய் இல்லை, விளையாடினால் கடி இல்லை, நாமாகக் கையை விட்டால் அதுவும் கடி இல்லை. அதனால் என்ன செய்வீர்கள் என்று கேட்கக் கூடாது, என்ன செய்தீர்கள் என்று கேட்க வேண்டும் என்றார். எல்லோரும் சேர்ந்து, ஊர்ப் பேச்சிலேயே புதுக் கேள்வியை எழுதினோம்.

"ஊருக்குள்ள எடுத்துட்டுப் போறதுக்கு முன்னாடி நமக்குள்ளயே ஒரு தடவ கேட்டுப் பாத்துடலாம்" என்றார் பேராசிரியர். இரண்டு இரண்டு பேராக எதிரெதிரே உட்கார்ந்தோம். என் எதிரில் நந்தினி.

நான் பலகையைப் பார்த்துப் படித்தேன். "நாயோ பூனையோ குரங்கோ, குட்டியோ பெருசோ, வீட்டுலதோ தெருவுலதோ, கடைசியா எப்ப உங்க மேல பல்லோ நகமோ பட்டுச்சு? அன்னிக்கு என்ன செஞ்சீங்க?"

நந்தினி சிரித்தாள். "எனக்கெல்லாம் அந்த மாதிரி..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். எந்த வீட்டிலும் எதையும் காட்டாத அந்த முகம் வெளிறிப் போவதை நான் பார்த்தேன். மெல்லத் தன் இடது கையைத் தூக்கி ஆள்காட்டி விரலைப் பார்த்தாள்.

"மேடம்... ஹாஸ்டல்ல ஒரு பூனைக்குட்டி வரும். பால் வெப்பேன். வெரல நக்கிட்டே இருந்துச்சு, லேசா கவ்விடுச்சு. கொஞ்சம்தான் ரத்தம் வந்துச்சு..."

"எப்ப?"

"அந்தப் பௌர்ணமிக்கு மொத நாள்."

"ஊசி?"

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். "பவித்ராவோட கையப் புடிச்சிட்டு நின்னது இந்தக் கைதான் மேடம். அப்பகூட எனக்குத் தோணல."

"பூனை இருக்கா?"

"அதுக்கப்பறம் ரெண்டு நாள் வந்துச்சு. இப்ப காணோம்."

பேராசிரியர் எழுந்து வந்து, "வாம்மா, ஜிஎச்சுக்குப் போயிட்டு வந்துடலாம். வண்டி கீழதான் நிக்குது" என்றார். நந்தினியின் தோளைப் பிடித்து நான் எழுப்பினேன். கதவருகே போய்த் திரும்பிப் பார்த்தேன். மற்ற பிள்ளைகள் யாரும் எங்களைப் பார்க்கவில்லை. ஒவ்வொருவரும் தங்கள் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.